நமுனுகுல மலையில் நான் பிள்ளை பிடித்த கதை

நான் ஒரு முறை பிள்ளை பிடித்திருக்கிறேன்.

மிட்டாய் காட்டி மயக்கி, சாக்கில் போட்டுத் தோளில் தூக்கும் தொழில்நேர்த்தியெல்லாம் என்னிடம் கிடையாது. பட்டப்பகலில், கத்திக்கொண்டே, ஒரு சிறுமியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினேன். அதுவும் நான் பிடிக்க நினைத்த பிள்ளை அது இல்லை. (பிள்ளைபிடிகாரர்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.) சொந்த ஊரில்கூட இல்லை, சுற்றுலாப் பயணி என்று கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு போன நாட்டில். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து பத்திரிகைகளில் எழுதிப் பெயர் வாங்கியிருந்தேன். பெயர் என்றால் பெரிய பெயர் இல்லை, எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குத் தெரியும்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் வீட்டில் சொல்வார்கள், அது இன்னும் மோசமாக இருக்கும்.

எனக்கும் என் மனைவி சுகந்திக்கும் மகள் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. எங்கள் கைக்கு வரும்போது எட்டு மாதக் குழந்தை. தேன்மொழி என்று நான்தான் பெயர் வைத்தேன். சுகந்திக்கு 'ஷ்' என்று காற்றுப் போகிற மாதிரி ஒரு பெயர் வைக்க ஆசை. நான் அசையவில்லை. "இந்தப் பேரை இப்ப யாரு வைக்கிறா? பள்ளிக்கூடத்துல இவ ஒருத்திதான் இருப்பா, பாரு" என்றேன். அப்படித்தான் இருந்தாள்.

தத்தெடுக்கக் காத்திருந்த காலத்தில், திருச்சியில் ஓர் அலுவலக வராந்தாவில் எங்களோடு பெஞ்சு தேய்த்தவர்கள் இரண்டு வீட்டார். ஒன்று பிரான்சிஸ் அண்ணன், ரயில்வேக்காரர். அவர் மனைவி ரெஜினா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களுக்கு ஆல்பி என்ற மகன் கிடைத்தான். கல்லைக் கொடுத்தாலும் உப்புப் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தின்றுவிடக்கூடிய ஆரோக்கியசாலி. இன்னொருவர் கலைவாணி மேடம், கணக்கு டீச்சர். திருமணம் செய்துகொள்ளாமல் நிலா என்ற பெண்ணை எடுத்து வளர்ப்பவர். பெஞ்சில் தொடங்கிய பழக்கம், மாதம் ஒரு ஞாயிறு ஒரு வீட்டில் சாப்பாடு என்று தொடர்ந்தது. யாராவது ஒரு வீட்டில் பிள்ளை, "என்னைப் பெத்தவங்க எங்க இருக்காங்க?" என்று முதல்முறை கேட்ட அன்று, மற்ற இரண்டு வீடும் அழைக்காமலே வந்து நிற்கும். சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாததை நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

இப்படிப்பட்ட நல்லவர்களை இலங்கைக்குக் கூட்டிப்போய் மலையில் சிக்கவைத்தது நான்.

என் அப்பா பதுளைப் பக்கம் நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர். அவர் சொன்ன கதைகளை வைத்து நான் ஒரு வரைபடம் போட்டிருந்தேன். மூன்று குடும்பமும் பள்ளி விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று பேச்சு வந்தபோது அதை விரித்தேன்.

"நான் போனதில்லைதான். ஆனா வழி என் ரத்தத்துல இருக்கு" என்றேன்.

கலைவாணி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம கூட்டத்துல ரத்தத்தைப் பத்திப் பேசலாமா சார்?"

பதுளையில் வேன் பிடித்தோம். ஓட்டியவர் நஸீர் நானா. பதுளைக் கடைவீதியில் துணிக்கடையும் வைத்து வேனும் ஓட்டுபவர். (அண்ணன் என்பதற்கு அங்கே முஸ்லிம்கள் நானா என்பார்கள்.) என் வரைபடத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சேர், இதுல பதுளை எங்க ஈக்கி?"

"அது... இந்தத் தாளுக்கு வெளியே."

"அப்ப நாம இப்ப தாளுக்கு வெளியதான் நிக்கிறம். சரி, ஏறுங்க."

அப்பாவின் தோட்டத்தைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் என்று நான் அடித்துச் சொன்ன ஒரு தோட்டத்தில், பழைய பங்களா ஒன்று ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நாளுக்குத்தான் கேட்டோம். அன்று மாலை பிடித்த மழை மலையைக் கரைத்தது. விடிந்து பார்த்தால் பங்களாவுக்கு மேலேயும் மண்சரிவு, கீழேயும் மண்சரிவு. நடுவில் நாங்கள், நஸீர் நானா, அவருடைய வேன். மின்சாரம் போய்விட்டது. சிக்னலும் போனதில், வேனில் சார்ஜ் ஏற்றிய கைபேசிகள் படம் பார்க்கிற கண்ணாடிகளாகிவிட்டன.

அந்தப் பங்களாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரைகள் இருந்த வீடு. படுக்கையறைக் கதவு நிலையில், பிள்ளைகளை நிறுத்தி உயரம் அளந்த கோடுகள் இருந்தன. கோடு கோடாக ஏறிக்கொண்டே போய், என் இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டிருந்தன. அதற்கு மேல் யாரும் வளரவில்லை. (ஊருக்குப் போயிருப்பார்கள் என்று சுகந்தியிடம் சொன்னேன். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.) பிற்பகலானால் பனிமூட்டம் வரும். வரும் என்றால் தூரத்தில் மலைமேல் அழகாகத் தொங்குவது இல்லை. விருந்தாளி மாதிரி வாசல் வழியாகவே வரும். கூடத்தில் நுழைந்து, நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, படுக்கையறைக்குள் போகும். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்து அடைத்தோம். அட்டையைச் சுற்றி வந்தது. நம் கையை நாமே நீட்டிப் பார்த்தால் முழங்கைக்கு அப்பால் வேறு யாருடைய கையோ போலிருக்கும்.

கீழே, தொழிலாளர்களின் லயங்களுக்கு (வரிசை வீடுகளுக்கு) இந்தப் பக்கம், ஒரு தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. மூட்டம் வந்தால் அங்கிருந்து கர்ர்... கர்ர்... என்று சக்கரம் சுற்றும் சத்தம் வரும்.

"மெஷின் ஓடுதா?" என்று பிரான்சிஸ் அண்ணன், பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பார்வதி அக்காவிடம் கேட்டார்.

"மெசினு எங்க இருக்கு? கழட்டி வித்து எத்தனையோ வருசமாச்சுங்க. ரோதமுனிதான் இருக்காரு. சக்கரத்துக்குக் காவல் சாமி. சக்கரத்த கொண்டு போயிட்டாங்க, சாமிய விட்டுட்டாங்க" என்றார் பார்வதி அக்கா, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே. "அவரு வேலைய அவரு பாக்குறாரு."

ரொட்டி அன்று யாருக்கும் சரியாக இறங்கவில்லை. ஆல்பிக்கு மட்டும் நான்கு இறங்கியது.

மூன்று வீட்டுச் சாமான்களையும் ஒன்றாகக் கொட்டினோம். அரிசி அளப்பது கலைவாணி மேடம். அவர் டம்ளரைத் தட்டும் சத்தத்திலேயே அன்றைக்குப் பசி எவ்வளவு என்று தெரிந்துவிடும். மருந்துப் பை ரெஜினாவிடம். அடுப்பு பிரான்சிஸ் அண்ணன். பிள்ளைகள் மூவரும் ஒரே கட்டிலில். நான் எல்லோருக்கும் தைரியம் சொல்லும் இலாகாவை எடுத்துக்கொண்டேன். மற்ற நேரங்களில் குளிருக்கு ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கைபேசியை உயரே பிடித்து, தோட்டத்து ஓரமெல்லாம் சிக்னல் தேடி நடந்தேன்.

இரண்டாம் நாள் தேன்மொழிக்குக் காய்ச்சல் வந்தது.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு குணம் இருந்தது. காலையில் இருக்காது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து நிலாவோடு விளையாடும். பிற்பகலில் மூட்டம் வாசலில் தெரிந்ததும் உடம்பு கொதிக்கும். ரெஜினா ஈரத்துணி மாற்றி மாற்றிப் போடுவாள், மருந்து கொடுப்பாள், புட்டியை வெளிச்சத்தில் பிடித்து மிச்சத்தைப் பார்ப்பாள். எங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மண்சரிவைத் தாண்டிப் பிள்ளையைத் தூக்கிப்போகலாம் என்றேன். நஸீர் நானா போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார். "மண் இன்னும் நகருது சேர். காலு வெச்சா மனிசனும் சேந்து போற."

மூன்றாம் நாள், காய்ச்சலில் கண்மூடிக் கிடந்த தேன்மொழி சொன்னாள்: "அப்பா, யாரோ என்னைக் கூப்பிடுறாங்க."

"யாரும்மா?"

"தெரியல. வெளில. ஒரு அம்மா."

"காய்ச்சல்ல அப்படித்தான் கேக்கும்" என்றேன். தைரிய இலாகா.

அப்புறம் எனக்கும் கேட்டது.

தூரத்தில், கீழே, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். இழுத்து, மெதுவாக.

"தேன்மொழீ..."

சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் பனிக்காற்றில் ஒலி பயணிக்கும் விதம் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். அதில் பாதி அறிவியல், பாதி என் பல் தந்தியடித்த சத்தம். "இதைப் பத்திப் பார்வதி அக்காகிட்டயெல்லாம் கேக்காத. உடனே பேய், முனின்னு ஆரம்பிச்சுடுவாங்க" என்றும் உத்தரவு போட்டேன். பார்வதி அக்காவோ தேன்மொழியைப் பாப்பா என்றே கூப்பிடுவார். பெயர் என்ன என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

தத்தெடுத்த தகப்பனுக்கு ஒரு பயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்கூட நாங்கள் அதைப் பேசியதில்லை. என்றைக்காவது ஒரு நாள், நம்மைவிட உரிமை கூடிய ஒரு குரல் வாசலில் வந்து நின்று கூப்பிடும். பிள்ளையும் எழுந்து போய்விடும். அந்தக் குரலுக்கு மனதுக்குள் ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்: 'அவள் பேர் என்னன்னுகூட உனக்குத் தெரியாதே.' பெயர் நான் வைத்தது. பெற்றவளுக்கே தெரியாது. இந்த மலைக்கு அது எப்படித் தெரிந்தது?

மறுநாளும் பிற்பகல், மூட்டம் வந்தது, காய்ச்சல் வந்தது, குரல் வந்தது. பங்களா நாய் எழுந்து, காலியாக இருந்த படிக்கட்டைப் பார்த்து வாலாட்டியது.

அதற்கடுத்த நாள்தான் நான் தொழிலில் இறங்கிய நாள். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்துவிட்டதாக யாரோ சொல்ல, நானும் நஸீர் நானாவும் பார்க்கப் போனோம். வந்திருந்தது. ஆனால் மறுகரையில் இருந்தது. திரும்பி ஏறும்போதே மூட்டம் எங்களைத் தாண்டிப் பங்களாவுக்குப் போனது. நான் அவசரமாக நடந்து பின்வாசல் வழியாக நுழைந்தேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பார்வதி அக்காவின் குரல் தாழ்ந்து கேட்டது.

"வித்தாச்சு. இனிமே அது ஒங்க பிள்ள இல்ல. அழக் கூடாது. கண்ணத் தொடைங்க."

சுகந்தி விசும்புவது கேட்டது. "அவரு கேட்டா?"

"ஐயாவுக்குத் தெரியவே கூடாது."

என் கால்கள் என்னைக் கேட்காமல் படுக்கையறைக்கு ஓடின. தேன்மொழி அங்கேதான் இருந்தாள். கட்டிலில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அறையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவள் எப்போதும் கழற்றாத சிவப்பு ஸ்வெட்டர் உடம்பில் இல்லை. யாருடையதோ ஒரு சட்டை தொளதொளவென்று தொங்கியது. நெற்றியில் கரியால் ஒரு பொட்டு.

"தேனு" என்றேன்.

திரும்பவில்லை.

"தேன்மொழி!"

மெல்லத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஏழு வருடமாக நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என்னைப் பார்த்த அந்தக் கண்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பது போல் பார்த்தன.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, அங்கிள்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

அந்த நொடியில்தான் வெளியே குரல் கேட்டது. முன்னைவிடப் பக்கத்தில். "தேன்மொழீ..." இந்த முறை, முதல் முறையாக, அதற்குப் பதிலும் வந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து, ஒரு சிறுமியின் குரலில்:

"வர்றேம்மா..."

என் நிலைமையை யோசியுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் பெயரை மறுக்கிறது. வெளியே ஒரு பிள்ளை அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டு போகிறது. ஆகவே என் மகள் வெளியே போய்க்கொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது வேறு ஏதோ. இதை இப்போது எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளைக்குள் அது வாய்ப்பாடு மாதிரித் தெளிவாக இருந்தது. படுக்கைவிரிப்பைப் போர்த்தியபடியே ஜன்னல் வழியாக வெளியே குதித்தேன். (கதவு பக்கத்தில்தான் இருந்தது.)

தேயிலைச் செடிகளுக்கு நடுவே படி இறங்கியது. செடிகள் தெரியவில்லை, என் முழங்காலில் உரசுவதுதான் தெரிந்தது. முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி அசைந்தது. என் மகளின் ஸ்வெட்டர். தலையில் குரங்குக் குல்லாய். குரல் வந்த திசையைப் பார்த்து அது இறங்கிக்கொண்டிருந்தது. மெஷின் இல்லாத தொழிற்சாலையில் சக்கரம் சுற்றியது, கர்ர்... கர்ர்... "ரோதமுனி, ஒரு சேவல்!" என்று நான் கத்தினேன். இருபது வருடப் பகுத்தறிவு எழுத்து அங்கேயே ஒரு சேவல் விலைக்குப் போனது.

"தேன்மொழி!"

சிவப்பு ஸ்வெட்டர் நின்றது. திரும்பியது. "என்னா?" என்றது.

பெயருக்குப் பதில்! எனக்கு அது போதும். பாய்ந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஓடினேன். "அப்பா இருக்கேன், அப்பா இருக்கேன்" என்று சொன்னதாக ஞாபகம். அது என் தோளைக் கடித்தது. பேய் பிடித்திருந்தால் கடிக்கத்தான் செய்யும் என்று இன்னும் வேகமாக ஓடினேன். அதன் கூச்சலில் மலை எழுந்துவிட்டது. பின்னால் காலடிகள், "புடி! புடி!" என்ற குரல்கள், ஒன்றல்ல பல. திரும்பிப் பார்த்தேன். மூட்டத்துக்குள் உருவங்கள். கையில் ஏதோ பளபளத்தது. படியை விட்டு விலகிக் கால் வைத்தேன். அங்கே தரை இல்லை. மழைநீர் போக வெட்டிய கான் இருந்தது.

இடுப்பளவு ஆழமான கானுக்குள் சேற்றில் மல்லாந்து கிடந்தேன். பிள்ளை என் வயிற்றின் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மேலே வட்டமாக முகங்கள். ஒருவர் கையில் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியைத் தறிக்கும் கத்தி. மனிதனையும் தறிக்கலாம் போலிருந்தது.

"இவன்தான்டா! நாலு நாளா வெள்ளையா திரியிறது இவன்தான்!"

"ஆமா! கையில நீலமா வெளிச்சத்த தூக்கிக்கிட்டு 'ஹலோ, ஹலோ'ன்னு கத்திக்கிட்டே போகும். எங்க லயத்துல பிள்ளைங்கள வெளிய விடவே இல்ல!"

கீழே வரிசை வீடுகளில் நான்கு நாளாக நடமாடிய பேய் யார் என்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது. "தேன்மொழீ..." என்று கத்தினாள். அந்தக் குரல். அதே இழுப்பு. பிள்ளை என் வயிற்றை மிதித்து எழுந்து, குல்லாயைக் கழற்றிவிட்டு அவளிடம் ஓடியது. முன்பல் இரண்டு இல்லாத, நான் வாழ்நாளில் பார்த்திராத முகம்.

"அம்மா, இந்த மாமா ஓடத் தெரியாம ஓடுறாரு" என்றது.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. குடையால் எனக்கு இரண்டு போட்டாள். நியாயமான அடி. மூன்றாவது விழுவதற்குள் நஸீர் நானா மூச்சுவாங்க வந்து சேர்ந்தார்.

"உடுங்க, உடுங்க! இவரு பிள்ள புடிக்கிற ஆள் இல்ல. இவருக்குக் கோழி புடிக்கவும் ஏலாது!"

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்று அது.

பின்னாலேயே பங்களாக் கூட்டம் முழுவதும் வந்தது. சேற்றிலிருந்து என்னை இழுத்துக் கரையில் உட்காரவைத்து, சுகந்தி அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொன்னாள். அன்று காலை ரெஜினாவின் மருந்துப் புட்டி முடிந்துவிட்டதாம். என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பெண்களும் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, பார்வதி அக்கா, "பிள்ளைய வித்து வாங்குங்க" என்றாராம். நோய் விடாத பிள்ளையை, திடமான பிள்ளை உள்ள இன்னொரு தாயிடம் தவிட்டுக்கு விற்றுவிடுவது. பழைய உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாங்கியவள் வீட்டுச் சட்டையைப் போட வேண்டும். பழைய பெயரை யாரும் சொல்லக் கூடாது. தேடி வந்த நோய், 'இது தவிட்டுக்குப் போன பிள்ளை, நாம் தேடியது இது இல்லை' என்று போய்விடும். மறுநாள் காலையில் பெற்றவர்கள் போய்த் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகளைச் சீண்டச் சொல்வார்கள், 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று. எங்கள் மூன்று வீட்டில் மட்டும் அதை யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தையைத்தான் அவர்கள் மருந்தாக எடுத்திருக்கிறார்கள்.

வாங்கியது ரெஜினா. ஆல்பி அவள் தகுதிக்குச் சாட்சி. அந்தத் தொளதொள சட்டை ஆல்பியுடையது. ஸ்வெட்டரைப் பார்வதி அக்கா லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிச்சிட்டுக் கட்டுரை எழுதுவீங்க."

(எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

"தவிடு எங்க கிடைச்சது?" என்று பிரான்சிஸ் அண்ணன் கேட்டார். சமையல்காரருக்கு அந்தக் கவலை.

"தவிட்டுக்கு எங்க போறது? கோழித்தீனிதான் இருந்துச்சு. அதுல தவிடும் இருக்குல்ல" என்றார் பார்வதி அக்கா. பிறகு செல்வியின் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்தார். "ஒங்க பாப்பாவுக்கும் தேன்மொழிதான் பேரா? இவ அம்மா தெனமும் மலையிலருந்து எறங்குறப்பவே இவளத் தேத்தண்ணி குடிக்கக் கூப்புட்டுக்கிட்டேதான வருவா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே ஐயா."

எவளோ ஒருத்தி தன் பிள்ளையைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்ட குரலுக்கு நான் மூன்று நாளாக நடுங்கியிருக்கிறேன். சக்கரச் சத்தம் மட்டும் என்னவென்று கேட்டேன். கூரைத் தகரம் காற்றில் ஆடுவது என்று நஸீர் நானா சொன்னார். அன்று காற்றே இல்லை என்று பார்வதி அக்கா சொன்னார். சேவலைக் கொடுத்துவிட்டேன்.

சேற்றுக் குளியலில் அன்று மாலை எனக்குக் காய்ச்சல் வந்தது. "அக்கா, இவரையும் வித்துடலாமா?" என்றாள் சுகந்தி.

"விக்கலாந்தான். யாரு வாங்குவா?"

எல்லோரும் ரெஜினாவைப் பார்த்தார்கள். அவள் பிரான்சிஸ் அண்ணனைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு கிடக்கு" என்றாள். கலைவாணி மேடம், "நான் இது மாதிரி ஒண்ணு வேண்டாம்னுதானே தனியா இருக்கேன்" என்றார். நஸீர் நானா கேட்பதற்கு முன்பே, "வேன்ல எடம் இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் விலை போகவில்லை.

தேன்மொழி விலை போனாள். அன்று மூட்டம் கலையும்போதே உடம்பு குளிர்ந்துவிட்டது. வேளை வந்து இறங்கிய காய்ச்சல் என்று ரெஜினா இன்றும் சொல்கிறாள்; கோழித்தீனி என்று பார்வதி அக்கா சொல்கிறார். நான் இப்போது இரண்டு பக்கமும் தலையாட்டுகிறேன்.

மறுநாள் காலை வெயிலடித்தது. நானும் சுகந்தியும் கோழித்தீனி ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு ரெஜினா இருந்த அறை வாசலில் போய் நின்றோம். முதல் முறை இவளை வாங்க நாங்கள் போட்ட கையெழுத்துகளும் ஏறிய படிகளும் கொஞ்சமல்ல. இந்த முறை ஒரு கைப்பிடித் தீனிதான், அதையும் சிந்திவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன்.

"எங்க பிள்ளையக் குடுங்க" என்றாள் சுகந்தி.

ரெஜினா தேன்மொழியை இறுக்கி அணைத்துக்கொண்டு, "தரமாட்டேன். எனக்குப் பழகிடுச்சு" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், பாதியில் அவள் குரல் உடைந்தது. கைப்பிடித் தீனியை வாங்கிக்கொண்டு பிள்ளையை எங்கள் பக்கம் தள்ளினாள். வாசலைத் தாண்டியதும் தேன்மொழி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா! பேசலாமா இப்ப? பழைய பேருக்குப் பதில் சொன்னா, அப்பான்னு கூப்பிட்டா, காய்ச்சல் மறுபடியும் கண்டுபிடிச்சுடும்னு ஆல்பி சொன்னான். அப்புறம் நீங்க என்னைத் திருப்பி வாங்கவே முடியாதாம். அதான் வாயைப் பொத்திக்கிட்டேன்."

சடங்கில் அப்படி ஒரு விதியே இல்லை என்று பார்வதி அக்கா சொன்னார். அது ஆல்பி சேர்த்த விதி. எங்களிடம் திரும்பி வருவதற்காக ஒரு நாள் முழுக்க என்னை அங்கிள் என்று கூப்பிட்டிருக்கிறாள் என் மகள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நமுனுகுல மலையின் அழகைக் கொஞ்ச நேரம் ரசித்தேன்.

அன்று மாலை பாதை திறந்தது. செல்வி எங்களுக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொழும்பு வரை வந்தன. ஆல்பி இருந்ததால் அதற்கு மேல் வரவில்லை. சிவப்பு ஸ்வெட்டர் அங்கேயே இருந்துவிட்டது.

இப்போது தேன்மொழி உயர்நிலைப் பள்ளி. தீபாவளிக்கு ரெஜினா வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு துணி வந்துவிடும். ஒரு நாள் அம்மாவாக இருந்த பாத்தியதை. ஒவ்வொரு பொங்கலுக்கும் செல்வி கைபேசியில் கூப்பிட்டு, "எங்க பிள்ளையத் தூக்குன மாமா நல்லா இருக்காங்களா?" என்று கேட்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். கையில் ஆறு மாதக் குழந்தை, முகத்தில் என் பழைய பயம். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இந்தக் கதையைச் சொன்னேன். மூட்டம், குரல், ஜன்னல், ஓட்டம். பெற்ற தகப்பன்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான் என்ற இடத்தில் என் குரல் சற்றே தழுதழுத்தது. அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்த தேன்மொழி நின்றாள்.

"நீங்க ஜன்னல்ல குதிச்சு, வேற யாரையோ பார்த்து என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு ஓடினதை நான் கட்டில்ல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "ஆள் மாறிப் போச்சுன்னு கூப்பிட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம், எவரோ ஒரு அங்கிள், நமக்கென்னன்னு விட்டுட்டேன்."